எதிரில் இருப்பவரிடம் என்ன வேண்டும்?

நடிகர் தேர்வுக்குப் போகும் பிள்ளைகளிடம் "ஏதாவது வசனம் பேசிக் காட்டுங்க" என்றால், பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது 'பராசக்தி' நீதிமன்றக் காட்சிதான். 1952இல் வந்த படம். கலைஞரின் வசனம், சிவாஜியின் குரல். ஆசைப்படுவதில் தப்பில்லை. ஆனால் கேட்பவர் காதில் விழுவது சிவாஜிதான். பேசுகிற பிள்ளை காணாமல் போய்விடுகிறது.

அந்தக் காட்சியை இன்னொரு முறை பாருங்கள். சிவாஜி நடித்த குணசேகரன் எடுத்த எடுப்பிலேயே முழங்குவதில்லை, நிதானமாகத்தான் தொடங்குகிறான். பூசாரியைத் தாக்கிய குற்றத்துக்காகக் கூண்டில் நிற்கிறான். ஏன் அப்படிச் செய்தேன் என்று நீதிபதிக்குப் புரியவைத்தாக வேண்டும். அந்தத் தவிப்பில்தான் குரல் ஏறுகிறது. நம்மவர்கள் தவிப்பை விட்டுவிட்டு ஏற்றத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்!

ஆகவே பேசிக் காட்டப் பகுதியைத் தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள்: பேசுபவருக்கு எதிராளியிடம் ஏதாவது வேண்டியிருக்கிறதா? மன்னிப்பு, கடன், 'சரி' என்று ஒரு வார்த்தை, எதுவானாலும் சரி. பழையதை அசைபோடுவது மட்டுமே என்றால், படிக்க நன்றாக இருக்கும், மேடையில் நிற்காது. சினிமாவையே சுற்ற வேண்டாம். இந்திரா பார்த்தசாரதியின் 'ஔரங்கசீப்' நாடகம் இருக்கிறது. கூத்துப்பட்டறையைத் தொடங்கிய ந. முத்துசாமியின் நாடகங்கள் இருக்கின்றன. எடுக்கிற பகுதி சிறிதானாலும் நாடகத்தை முழுக்கப் படியுங்கள். வயதையும் பாருங்கள், இருபது வயதுப் பையன் 'ஔரங்கசீப்'பின் ஷாஜகானாக இல்லாத தாடியைத் தடவ வேண்டியதில்லை.

நீளம் ஒன்றரை, இரண்டு நிமிடம் போதும்.

மனப்பாடம் செய்வதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஏற்ற இறக்கத்தோடு சேர்த்தே உருப்போட்டால் அது இறுகிவிடும். முதலில் வெறும் சொற்களைப் பாத்திரம் கழுவும்போதும் தடுமாறாமல் வரும் அளவுக்குப் பழக்குங்கள். ஏனென்றால் தேர்வில், "இதையே பக்கத்தில் தூங்குகிற குழந்தை எழாமல் சொல்லுங்க" என்று கேட்கலாம். இறுகிப்போன வசனம் அப்போது வளையாது.

யாரிடம் பேசுகிறீர்களோ அவரைத் தேர்வாளரின் தலைக்குச் சற்றுப் பக்கத்தில், கண் மட்டத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். தேர்வாளரின் கண்ணையே பார்த்துக் கெஞ்சினால் அவருக்குக் குறிப்பெழுதவும் முடியாது, பாவம்.

முடித்ததும் "நல்லா இருந்துச்சா சார்?" என்று கேட்காதீர்கள். ஒரு மூச்சு நின்று, நன்றி சொல்லி, அப்படியே இருங்கள். வேறு மாதிரி செய்யச் சொன்னால் பயப்பட வேண்டாம். உங்களிடம் இன்னும் என்ன இருக்கிறது என்று பார்க்க நினைக்கிறார்கள்.