ஈடேலிலிருந்து ஹோப் வரை

(பழைய மாணவிகள் சங்கத்தின் ஐக்கிய இராச்சியக் கிளை நடத்திய நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



ஒரு வைத்தியரைப் பேசக் கூப்பிட்டால் நீரிழிவும் கொலஸ்ரரோலும்தான் வரும் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். நீரிழிவு வரும். ஆனால் செயற்குழு கேட்டது, சென்ற மே மாதம் நாங்கள் எட்டுப் பேர் நடந்த மலைநடையைப் பற்றிச் சொல்லும்படி. எட்டுப் பேரும் ஒரே வகுப்பு; எல்லோருக்கும் நாற்பது தாண்டிவிட்டது; மூன்று பேர் வைத்தியர்கள். இங்கே நின்று கதைப்பது ஒருவர் என்றாலும் கதை எட்டுப் பேருடையது. ஆகையால் ‘நாங்கள்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம்.

மான்செஸ்ரருக்கும் ஷெபீல்டுக்கும் இடையிலே பீக் டிஸ்ரிக்ற் என்று ஒரு மலைப்பிரதேசம் இருக்கிறது. 1951இல் பிரித்தானியாவின் முதலாவது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே ஈடேல் என்ற ஊரில் ரயிலால் இறங்கி, மாம் ரோர், பக் ரோர், லூஸ் ஹில் என்ற மூன்று உச்சிகளையும் மலைமுதுகு வழியாகவே கடந்து, ஹோப் என்ற ஊருக்கு இறங்கினோம். சுமார் 11 கிலோமீற்றர். ரயிலில் இவை இரண்டும் அடுத்தடுத்த நிலையங்கள், பத்து நிமிடம்கூட இல்லை. எங்களுக்கு ஆறரை மணித்தியாலம் எடுத்தது.

உயரத்தைச் சொன்னால் மலைநாட்டிலிருந்து வந்தவர்கள் சிரிப்பார்கள். பிதுருதலாகலை 2524 மீற்றர். மாம் ரோர் வெறும் 517, லூஸ் ஹில் 476. ஆனால் நாங்கள் குடாநாட்டுப் பிள்ளைகள். மலை என்றால் எங்களுக்குக் கீரிமலைதான். அங்கே கேணி இருக்கிறது, கடல் இருக்கிறது, மலை மட்டும் இல்லை. ஆகவே 517 மீற்றர் எங்களுக்குப் போதும்.

மாம் ரோர் என்றால் தாய்க் குன்று. அதன் கிழக்குப் பக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னர் சரிந்து விழுந்தது. விழுந்த மண் அடியிலே குட்டிக் குன்றுகளாகக் கிடப்பதால் அந்தப் பெயர் என்கிறார்கள். சரிவு இன்னும் நிற்கவில்லை. அடிவாரத்தால் போன பிரதான வீதியைத் திருத்தித் திருத்திக் களைத்து, 1979இல் வாகனங்களுக்கு மூடிவிட்டார்கள். உச்சியிலிருந்து பார்த்தால் அந்த வீதி முறித்த முறுக்குப்போலத் தெரிகிறது. எங்களில் ஒருத்தி, மூன்று பிள்ளை பெற்றவள், “தாயெண்டால் அப்பிடித்தான், சரிஞ்சுகொண்டே நிக்கவேணும்” என்றாள். அதற்குப் பிறகு ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போதெல்லாம் அதைச் சொல்லிச் சிரித்தோம்.

உச்சிக்கு ஏறுவது நினைத்ததைவிடச் சுலபம். கற்பலகை பாவிய பாதை. காற்றுத்தான் பொல்லாதது. கீழே மேற்சட்டையைக் கழற்றிப் பையில் வைத்தவர்கள் மேலே வந்ததும் இரண்டைப் போட்டார்கள்.

மாம் ரோரிலிருந்து கிழக்கே இறங்கினால், மலைமுதுகின் ஆகத் தாழ்ந்த இடமாகிய ஹொலின்ஸ் குறொஸ் வரும். எங்களுக்குப் பிடித்த இடம் அதுதான். உச்சிகளைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். ஆனால் இந்த மலையை வாழ்க்கைக்காகக் கடந்தவர்கள் கடந்தது இந்தக் கணவாயால். 17ஆம் நூற்றாண்டில் ஈடேலில் சொந்தமாக ஒரு தேவாலயம் எழும்பும்வரை, அந்த ஊரில் செத்தவர்களின் பெட்டியை இந்த ஏற்றத்தால் தூக்கி வந்து ஹோப்பில் அடக்கம் செய்தார்கள். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஈடேலில் பருத்தி ஆலை வந்தபோது, மறுபக்கத்துக் காசில்ரன் ஊரிலிருந்து வேலையாட்கள் இதே வழியால் நடந்து வந்தார்கள். அவர்களிற் பலர் பெண்கள். வேலைக்குப் போக ஒரு மலை, வீட்டுக்கு வர அதே மலை.

அந்த இடத்தில்தான் எங்கள் தோழி ஒருத்தி பேச்சைக் குறைத்தாள். அவள் பேச்சைக் குறைப்பது சாதாரண விடயம் அல்ல என்பது எங்கள் வகுப்பாசிரியைக்கு நன்றாகத் தெரியும். முகம் வியர்த்திருந்தது, அந்தக் காற்றுக்குள். கை நடுங்கியது. அவள் இன்சுலின் போடுபவள். காலையில் வழக்கமான அளவைப் போட்டுவிட்டு, ரயிலுக்கு ஓடிய அவசரத்தில் அரைத் துண்டு பாண்தான் சாப்பிட்டிருக்கிறாள். விரலில் குத்திப் பார்த்தோம்: 3.1. நாலுக்குக் கீழே இறங்கினால் உடனே சீனி கொடுக்கவேண்டும். ஒரு சிறிய பெட்டி தோடம்பழச் சாறு கொடுத்தோம். பதினைந்து நிமிடத்தில் 4.6. அதன் பிறகு பாணும் சம்பலும், ஒரு வாழைப்பழம்.

இந்த இடத்தில் கொஞ்சம் வைத்தியம் சொல்லவேண்டும். இன்சுலின் போடுபவர்களும் கிளிக்ளசைட் போன்ற மாத்திரை எடுப்பவர்களும் நீண்ட நடைக்கு முன்னர் அளவைக் குறைக்கவேண்டுமா என்று தங்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டுத்தான் வெளிக்கிடவேண்டும். மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்தப் பயம் மிகக் குறைவு. நடந்து முடிந்த பிறகும், அன்றிரவு நித்திரையிலும்கூட சீனி இறங்கலாம். இனிப்பு, பையின் அடியில் அல்ல, சட்டைப்பையில் இருக்கவேண்டும். இன்னொன்று: எங்கள் தெற்காசிய உடம்புக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே கவனம் தேவை, வெள்ளைக்காரருக்குச் சொல்லும் 25ஐப் பார்த்து ஆறுதல் அடையக்கூடாது.

சரி, கதைக்கு வருவோம். ஹொலின்ஸ் குறொஸிலிருந்து இரண்டு பக்கமும் இறங்கிவிடலாம். “நீங்கள் போங்கோ, நான் கீழ இறங்கி ரெயினில வாறன்” என்றாள் அவள். மூன்று வைத்தியர்களும் மூன்று அபிப்பிராயம் சொன்னோம், வழக்கம்போல. கடைசியில் நாற்பது நிமிடம் புல்லில் இருந்துவிட்டுத் திரும்பக் குத்திப் பார்த்தோம். 7.2. “இப்ப ஏலும்” என்றாள். ஏலாவிட்டால் எட்டுப் பேரும் இறங்குவது, ஏலுமென்றால் அவள்தான் முன்னுக்கு நடப்பது என்று தீர்த்தோம். பள்ளிக்கூடத்தில் உயர வரிசையில் நிற்கும்போதும் முன்னுக்கு நின்றவள் அவள்தான். அன்று அவளுடைய வேகம்தான் எங்கள் எல்லோருடைய வேகமும். எங்களைத் தாண்டிப் போனவர்களில் எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு சோடியும் இருந்தார்கள். போகட்டும்.

பக் ரோர் இந்த வழியில் ஆகச் செங்குத்தானது. உயரம் அதிகமில்லை, ஆனால் சில இடங்களில் கையையும் ஊன்றவேண்டும். ஏறி முடித்து, காற்றுப்படாத ஒரு பக்கமாக இருந்தபோது ஒருத்தி கேட்டாள்: “நாங்கள் எல்லாரும் ஒண்டாய் இவ்வளவு நேரம் கடைசியாய் நடந்தது எப்ப?”

ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. பதில் எட்டுப் பேருக்கும் தெரியும். 1995 ஒக்ரோபர் 30. செம்மணி வெளியால், மழைக்குள், நாவற்குழிப் பாலத்தை நோக்கி. இலட்சக்கணக்கான சனம் ஒரு வீதியில். ஒருவர் காலை எடுத்தால்தான் பின்னால் வந்தவர் காலை வைக்கலாம். எங்களுக்குப் பதினான்கு, பதினைந்து வயது. சிலர் புத்தகப்பையைத் தோளில் போட்டிருந்தோம், சோதனை வரும் என்ற நம்பிக்கையில். ஒருத்தி அம்மம்மாவைச் சைக்கிளில் இருத்தித் தள்ளிக்கொண்டு வந்தவள். அந்த அம்மம்மா மறுநாட் காலை கைதடியில் தேத்தண்ணி கேட்டதை இன்றும் சொல்லுவாள். அந்தச் சனத்துக்குள் நாங்கள் ஒருவரை ஒருவர் காணவே இல்லை. ஒரே வீதியில் நடந்தோம் என்பதே பிறகு கதைத்துத்தான் தெரிந்தது.

அந்த இரவுக்குப் பிறகு தேவையில்லாமல் நூறு யார்கூட நடக்க மனம் வந்ததில்லை என்றாள் ஒருத்தி. இன்னொருத்திக்கு அந்தக் கதை பிடிக்கவில்லை. “அதையும் இதையும் ஒண்டாக்காதையுங்கோ. அது நடையில்லை” என்று கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். எங்களுக்குள் இது இன்னும் தீரவில்லை. ஆனால் ஒரு விடயத்தை மூன்று வைத்தியர்களும் எங்கள் நோயாளிகளிடம் காண்கிறோம்: எங்கள் வயதுப் பெண்களிடம் ‘நடவுங்கோ’ என்றால், பஸ் தரிப்பிடத்துக்குப் போய் வருவதையும் கடைக்குப் போவதையும் சொல்லுகிறார்கள். காரணம் இல்லாமல் வெளியே போய் நடப்பது அவர்களுக்கு வீண்வேலை, சிலருக்கு வெட்கம். மாத்திரை எழுதிக் கொடுப்பதைவிட இதை மாற்றுவது கஷ்டம்.

அப்படி நடப்பதற்கு இந்த நாட்டிலும் சண்டை பிடிக்கவேண்டி இருந்தது. ஈடேல் பள்ளத்தாக்கின் மறுபக்கத்தில் நிற்கும் கிண்டர் ஸ்கௌட் மலை முன்னர் பிரபுக்களின் வேட்டை நிலம்; நகரத்து ஆலைத் தொழிலாளர் ஞாயிற்றுக்கிழமை காற்று வாங்க ஏறினால் காவலாளர் துரத்துவார்கள். 1932 ஏப்ரல் 24ஆம் திகதி பெனி றொத்மன் என்ற இருபது வயது இளைஞரின் முன்னிலையில் நூற்றுக்கணக்கானோர் வேண்டுமென்றே அத்துமீறி ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலைவெளிகளில் நடக்கும் உரிமை சட்டமாக வந்தது 2000ஆம் ஆண்டில். எங்கள் மூன்றாவது உச்சி லூஸ் ஹில்லின் ஒரு பகுதிக்கு ‘வார்ட்ஸ் பீஸ்’ என்று பெயர். வார்ட் என்பவர் 1900இல் ஷெபீல்டில் தொழிலாளருக்கான நடைச் சங்கத்தைத் தொடங்கியவர். நடப்பவர்கள் 1945இல் அவருக்குக் காணிக்கையாக அந்த நிலத்தைக் கொடுக்க, அவர் அதைப் பொதுவுக்கே கொடுத்துவிட்டார். அங்கே நின்று மிச்ச ரோல்ஸைச் சாப்பிட்டோம்.

ஏற்றம் மூச்சுக்குச் சோதனை, இறக்கம் முழங்காலுக்கு. ஹோப்புக்கு இறங்கும்போதுதான் எல்லோரும் முனகத் தொடங்கினோம். இறங்கும்போது தொடைத் தசை நீண்டபடியே பாரத்தைத் தாங்குகிறது. இரண்டு நாள் கழித்துப் படியிறங்க முடியாமல் நிற்பது அதனால்தான். நடைபொல்லு இரண்டு கொண்டு போனவர்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அடுத்த நடை செப்ரெம்பரில், இதே வழி. இதுவரை பதினாறு பெயர் வந்திருக்கிறது. அதில் எங்களுக்குக் கணிதம் கற்பித்த ரீச்சரும் ஒருவர். அவர் ஹொலின்ஸ் குறொஸ் வரை வந்து திரும்புவார், கூட இருவர் இறங்குவார்கள். சப்பாத்தை இப்போதே வாங்கி வீட்டுக்குள் போட்டுப் பழகுங்கள். ஏதும் நடந்தால் 999ஐ அழைத்து, பொலிஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்லவேண்டும். வருபவர்கள் சம்பளம் வாங்காத தொண்டர்கள். சாப்பாட்டுப் பட்டியலைத் தேநீர் இடைவேளையில் தருவோம். மாசிச் சம்பல் எங்கள் பொறுப்பு.