பொய்க் கயிறும் நிஜ ராமசாமியும்

இன்னைக்கு மேஜிக் பத்திப் பேசப் போறோம்.

மேஜிக்னா உடனே வர்ற பேரு ஹூடினி. அவர் பண்ணின ஒரு ஐட்டம் ரொம்பப் பிரபலம். ஒரு கொத்து ஊசியையும் நூலையும் வாயில போட்டு முழுங்கின மாதிரி காட்டுவார். அப்புறம் நூல் நுனியைப் பிடிச்சு இழுத்தா, அத்தனை ஊசியும் வரிசையாக் கோர்த்து வெளிய வரும். இதுக்குப் பேரு 'கிழக்கிந்திய ஊசி வித்தை'. அமெரிக்க மேடையில காட்டற வித்தைக்கு எதுக்கு நம்ம நாட்டுப் பேரு?

அதுக்கு ஒரு நூறு வருஷம் பின்னாடி போகணும். 1810கள்ல இந்திய வித்தைக்காரர்கள் லண்டன் மேடைகள்ல ஆட ஆரம்பிச்சாங்க. அதுல ஒருத்தர் பெரிய ஸ்டார் ஆனார். விளம்பர நோட்டீஸ்கள்ல அவர் பேரு 'ராமோ சாமி'. பார்த்தாலே தெரியுது, நம்ம தெற்கத்தி ராமசாமிதான். கத்தி முழுங்குவார், பித்தளைப் பந்துகளைச் சுழற்றுவார். பாசிமணிகளையும் குதிரை மயிரையும் வாயில போட்டுக்கிட்டு, நாக்காலயே கோர்த்து எடுப்பார். ஹூடினியோட ஊசி வித்தைக்கு மூத்த அண்ணன்னு இதைச் சொல்லலாம்.

1819ல அமெரிக்காவுக்கும் போய் ஆடியிருக்கார். வில்லியம் ஹாஸ்லிட் ஒரு பெரிய ஆங்கிலக் கட்டுரையாளர். லண்டன்ல ஆடின இந்திய வித்தைக்காரர்களைப் பத்தி அவர் எழுதின கட்டுரை 1821ல புத்தகத்துல வந்துச்சு. ஒரு ஆள் நாலு பந்தை ஒரே நேரத்துல காத்துல நிறுத்தறதைப் பார்த்துட்டு, இந்த அளவு சுத்தமா என்னால எதைச் செய்ய முடியும்னு தன்னையே கேட்டு வெட்கப்படறார். எழுத்துல பேர் வாங்கின மனுஷன் அவர்!

ஆனா ராமசாமி 1850ல லண்டன்ல இறந்தப்போ, அடக்கம் பண்ணக்கூட வீட்டுல காசு இல்லை. அவர் மனைவி பத்திரிகை மூலமா உதவி கேக்க வேண்டியதாப் போச்சு. முப்பது வருஷத்துக்கு மேல கைதட்டல் வாங்கின கலைஞருக்கு இதுதான் கதி.

இப்போ மதராஸுக்கு வருவோம். அதே காலத்துல இங்க ஒருத்தர் காத்துல உட்கார்ந்து காட்டினார். ஆங்கிலப் பத்திரிகைகள் அவர் பேரை 'ஷேஷல்'னு எழுதின. 1832ல லண்டன் சாட்டர்டே மேகஸின்ல படமே போட்டாங்க. தரையில ஒரு சின்ன முக்காலி, அதுல செங்குத்தா ஒரு கம்பு, கம்பு மேல படுக்கையா ஒரு தோல் சுருள். மனுஷர் ஒரு கையை மட்டும் அந்தச் சுருள்ல வச்சுக்கிட்டு, தரைக்கு மேல சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கார். தொடங்கறதுக்கு முன்னாடியும் முடிச்சதும் ஒரு துணியைக் குறுக்கே பிடிச்சு மறைச்சிடுவாங்க.

எப்படி? சிப்காட்ல ஃபேப்ரிகேஷன் ஷாப்ல வேலை பார்க்கறவங்க இதைச் சட்டுனு பிடிச்சிடுவாங்க. சுவத்துல பதிச்ச பிராக்கெட் எப்படி வெயிட் தாங்குது? அதே சங்கதிதான். கம்புக்குள்ள இரும்பு, தோல் சுருளுக்குள்ள இரும்பு, அங்கிருந்து சட்டைக் கைக்குள்ள புகுந்து, உடம்போட இறங்கி, உட்கார ஒரு இருக்கை. மொத்த பாரமும் ஒரு பக்கமாத் தொங்குது. அது சாயாம நிக்கணும்னா கீழ இருக்கற முக்காலிக்கு நல்ல கனமும் அகலமும் வேணும். பார்க்கறவங்க முகத்தைப் பார்ப்பாங்களே தவிர, முக்காலியை யார் பார்க்கப் போறாங்க?

1847ல பாரிஸ்ல ராபர்ட் ஹூடின் தன் சின்னப் பையனை ஒரு கம்பு மேல முழங்கை ஊனிப் படுக்க வச்சுக் காட்டினார். அப்பதான் ஆபரேஷனுக்கு ஈதர் கொடுக்கற முறை புதுசா வந்திருந்துச்சு. ஈதரை முகர்ந்ததால பையன் உடம்பு லேசாயிடுச்சுன்னு கதை சொன்னார். உள்ள இருந்தது அதே மறைஞ்ச இரும்புச் சட்டம்தான். நவீன மேஜிக்கின் தந்தைன்னு அவரைக் கொண்டாடறாங்க. ஹூடினி தன் மேடைப் பேரையே அவர் பேர்ல இருந்துதான் எடுத்துக்கிட்டார். ஷேஷலைப் பத்தி நம்ம ஊர்லயே எத்தனை பேருக்குத் தெரியும்?

சரி, உலகத்துக்கே தெரிஞ்ச 'இந்திய மேஜிக்' எது? கயிற்று வித்தை. கயிறு வானத்துக்கு நிமிரும், பையன் ஏறுவான், உச்சியில மறைஞ்சிடுவான். கயிறு, கம்பம் வச்ச பழைய கதைகள் இருந்துச்சு, உண்மை. ஆனா இது உலகம் பூரா பரவினது 1890ல சிகாகோ ட்ரிப்யூன்ல வந்த ஒரு செய்தியால. அது கற்பனைன்னு சில மாசத்துலயே அந்தப் பத்திரிகை ஒத்துக்கிச்சு. எழுதின ஜான் வில்கி பின்னாடி அமெரிக்க சீக்ரெட் சர்வீஸுக்கே தலைவர் ஆனார்! மறுப்பை யாரும் படிக்கலை, கதை மட்டும் ஓடுச்சு. 1934ல லண்டன் மேஜிக் சர்க்கிள், இதைச் செஞ்சு காட்டறவங்களுக்கு 500 கினி பரிசுன்னு அறிவிச்சுது. பரிசை யாரும் வாங்கலை.

எனக்கு உறுத்தற இடம் இதுதான். இல்லாத ஒரு வித்தையைத் தேடி உலகமே இந்தியாவுக்கு வந்துச்சு. நிஜமா வித்தை தெரிஞ்சவங்க அதே தெருவுல, காசுக்குத் துணியை விரிச்சு உட்கார்ந்திருந்தாங்க.

நம்ம ஊர்ல அவங்களுக்கு மோடி மஸ்தான்னு பேரு. செப்பிடு வித்தை, பேச்சுல செப்படி வித்தை. செப்புன்னா சிமிழ், சின்னக் கிண்ணம். கிண்ணத்துக்கு அடியில பந்தை மாயமாக்கறதுல ஆரம்பிக்கற தொழில். மேடை மேஜிக்குக்குத் திரை உண்டு, லைட் உண்டு, ஜனம் ஒரு பக்கம்தான். தெருவுல பட்டப்பகல், சுத்தி நாலு பக்கமும் கண்ணு. அதுல கை தப்பாம ஆடறதுக்கு எவ்வளவு பயிற்சி வேணும்!

சட்டம் அவங்களை எப்படிப் பார்த்துச்சு? 1959 பம்பாய் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம், பாடறது, ஆடறது, வித்தை காட்டறதுன்னு எதைச் சாக்கா வச்சுப் பொது இடத்துல காசு வாங்கினாலும் அது பிச்சைன்னு சொல்லுது. இதே சட்டம் டெல்லியிலயும் இருந்துச்சு. பிச்சையெடுக்கறதைக் குற்றமாக்கின பிரிவுகளை 2018ல டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து பண்ணுச்சு. அதே டெல்லியில, 1995லயே, இஷாமுதீன் கான்கிற தெரு வித்தைக்காரர் குதுப் மினார் பக்கத்துல திறந்த வெளியில கயிறை நிமிர்த்தி, பையனை ஏற வச்சுக் காட்டியிருந்தார். பையன் மாயமாகலை. ஆனா கயிறு நின்னுச்சு.

ஹூடினி படம் பார்க்கறப்போ, அந்த ஊசி நூல்ல வர்ற இடத்துல ராமசாமியை ஒரு தடவை நினைச்சுக்கங்க. சந்தையிலயோ ஸ்டேஷன் வாசல்லயோ யாராவது மூணு கிண்ணத்தோட உட்கார்ந்திருந்தா, அஞ்சு நிமிஷம் நின்னு பாருங்க. ரகசியத்தைக் கேக்காதீங்க. டிக்கெட்டுக்குக் கொடுக்கற மாதிரி காசு கொடுத்துட்டுப் போங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.