தலைகீழாக நிற்கும் ஓர் ‘எஸ்’
(நம் சமுதாயக் கூடத்தில் ஞாயிறு மாலை நடந்த சந்திப்பில் பேசியது)

செயலாளர் என்னை அரை மணி நேரம் ஸ்டாம்ப் பற்றிப் பேசச் சொன்னார். அது பெரிய கடல். அதனால் நம் சி பிளாக்கில் கிடைத்த ஒரே ஒரு துணிப்பையை வைத்துக்கொண்டு பேசுகிறேன்.

அந்த வீட்டு அம்மா நாகர்கோவில்காரர். பெயின்ட் அடிக்க வீட்டை ஒழித்தபோது லாஃப்ட்டில் இருந்து அந்தப் பை இறங்கியது. உள்ளே அவருடைய மாமனாருக்கு வந்த பழைய சர்க்கார் கடிதங்கள், கவரோடு. மகன் போட்டோ எடுத்து ஒரு வியாபாரிக்கு அனுப்பியிருக்கிறார். “ஸ்டாம்ப்பை மட்டும் தண்ணீரில் ஊறவைத்து எடுத்துக் கொடுங்கள், மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்” என்று பதில் வந்திருக்கிறது. பக்கெட்டில் தண்ணீர் பிடித்து வைத்த பிறகுதான் அந்த அம்மாவுக்கு என் நினைவு வந்ததாம். நல்லவேளை.

முதலில் அவை என்ன ஸ்டாம்ப் என்று சொல்லிவிடுகிறேன். இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பரில்தான் நம் மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்கு முன் அது திருவிதாங்கூர். அந்த சமஸ்தானத்துக்கு சொந்தத் தபால் இருந்தது. அதன் பெயரே ‘அஞ்சல்’. 1888-ல் சங்கு போட்ட ஸ்டாம்ப் வெளியிட்டார்கள். விலை காசிலும் சக்கரத்திலும் இருக்கும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய்.

1911-ல் அரசாங்கக் கடிதங்களுக்கென்று அதே சங்கு ஸ்டாம்ப்பின் மேல் கறுப்பு மையில் ஆங்கிலத்தில் ‘ஆன் எஸ் எஸ்’ என்று அச்சிட ஆரம்பித்தார்கள். ‘ஆன் சர்க்கார் சர்வீஸ்’ என்பதன் சுருக்கம். அச்சான ஸ்டாம்ப்பின் மேல் மறுபடி அச்சிடுவதால் இதை மேலச்சு என்கிறோம். பிரிட்டிஷ் இந்தியாவிலும் இந்த வழக்கம் உண்டு. 1866-ல் கல்கத்தாவில் ‘சர்வீஸ்’ என்று மேலச்சிட்டார்கள். அதில் ‘ஐ’ எழுத்தின் மேல் புள்ளி விழாதவற்றைத் தேடி இன்றும் ஆட்கள் அலைகிறார்கள்.

இனி பிழைக்கு வருவோம். பழைய அச்சுக்கூடத்தில் கம்பாசிட்டர் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோப்பார். ஒரு தாளில் எத்தனை ஸ்டாம்ப்போ, அத்தனை முறை அதே நான்கு எழுத்துகள். ‘ஓ’, ‘என்’, ‘எஸ்’, ‘எஸ்’. நாள் முழுக்க இதையே கோத்தால் கை தடுமாறாமல் இருக்குமா? ஓரிடத்தில் ‘என்’ முன்னே வந்து ‘ஓ’ பின்னே போயிருக்கிறது. ஓரிடத்தில் ‘எஸ்’ தலைகீழாக நின்றிருக்கிறது. இந்தப் பிழை, அச்சுக்கோப்பைத் திருத்தும்வரை ஒவ்வொரு தாளிலும் அதே இடத்தில் வரும். மேலச்சு முழுவதுமே தலைகீழாக விழுந்தால் கதை வேறு. தாளையே திருப்பி வைத்து அச்சிட்டிருக்கிறார்கள், அதனால் அந்தத் தாளின் எல்லா ஸ்டாம்ப்பும் தலைகீழ். ஒரே தாள் இரண்டு முறை இயந்திரத்துக்குள் போனால் இரட்டை மேலச்சு. அதில் இரண்டு பதிவுமே அழுத்தமாகத் தெரியவேண்டும். ஒன்று அழுத்தமாகவும் மற்றது ஒரு பக்கம் இழுத்த நிழல்போலவும் இருந்தால், அச்சிடும்போது தாள் லேசாக நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அதை ‘இரட்டை’ என்று விற்பவர்கள் நிறைய.

தலைகீழ் ‘எஸ்’ஸை எப்படிக் கண்டுபிடிப்பது? திருப்பினாலும் அது ‘எஸ்’தானே என்பீர்கள். வீட்டுக்குப் போய் ஆங்கிலப் பேப்பரின் தலைப்பில் ஒரு ‘எஸ்’ஸைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். அந்த எழுத்தின் மேல் வளைவு சின்னது, கீழ் வளைவு கொஞ்சம் பெரியது. திருப்பினால் தலை கனத்து விழப்போகிற மாதிரி இருக்கும். அந்தப் பையில் இருந்த ஒரு சக்கர ஸ்டாம்ப்பில் வலது பக்க ‘எஸ்’ அப்படித்தான் நின்றது. லென்ஸை மூன்று முறை துடைத்துப் பார்த்தேன்.

அது உண்மையா, போலியா? மேலச்சில்லாத சாதாரண சங்கு ஸ்டாம்ப் சல்லிசாகக் கிடைக்கும். அதன் மேல் புதிதாக ஒரு பிழையை அச்சடித்து விற்பது பழைய தந்திரம். நானே ஏமாந்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு கண்காட்சிக் கடையில் பாதிச் சம்பளம் கொடுத்துத் தலைகீழ் மேலச்சு ஒன்று வாங்கினேன். பல வருடம் ஆல்பத்தின் முதல் பக்கத்தில் வைத்திருந்தேன். பிறகு ஒருநாள் சாய்வான வெளிச்சத்தில், பத்து மடங்கு லென்ஸில் பார்த்தபோது, மேலச்சின் மை தபால் முத்திரையின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. மேலச்சு முதலில், முத்திரை பிறகு, அதுதானே வரிசை? கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு எந்த சர்க்காரும் மேலச்சிடாது. ஈய எழுத்து காகிதத்தை அழுத்தும், ஓரங்களில் மை கொஞ்சம் தடித்து ஒதுங்கும், பின்பக்கம் லேசான மேடு தெரியும். என்னுடையதில் அதுவும் இல்லை.

ஸ்டாம்ப் கவரிலேயே இருந்தால் இந்தச் சந்தேகத்தில் பாதி போய்விடும். முத்திரையின் ஒரு பாதி ஸ்டாம்ப்பிலும் மறு பாதி கவரிலும் விழுந்திருக்கும். எந்த அலுவலகம் யாருக்கு அனுப்பியது என்று கவரே சொல்லும். தண்ணீரில் போட்டால் அந்தச் சாட்சி போய்விடும். பிறகு அது வெறும் ஸ்டாம்ப், ‘அசல்தானா?’ என்று கேட்டே விலையைக் குறைப்பார்கள். ஊறவைக்கச் சொன்னவருக்கு இது தெரியாதா என்ன!

அந்த அம்மாவின் கவரில் முத்திரையின் கோடு ‘எஸ்’ஸின் மேலேதான் ஓடுகிறது, கவரிலும் தொடர்கிறது. எனக்குத் திருப்தி. விற்பதாக இருந்தால் நிபுணர் சான்றிதழ் வாங்கிய பிறகே விலை பேசவேண்டும் என்று மகனிடம் சொல்லியிருக்கிறேன். அம்மாவின் கவனம் வேறு பக்கம். உள்ளே இருந்தது மாமனாரைப் பத்மநாபபுரத்துக்கு மாற்றிய உத்தரவு. “அங்கே போன பிறகுதான் என் வீட்டுக்காரர் பிறந்தார்” என்று எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தார். மகன் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு போய்ச் செடிக்கு ஊற்றினார்.

உங்கள் லாஃப்ட்டிலும் இப்படி ஏதாவது இருந்தால், பழைய பேப்பர்காரருக்குப் போடுமுன் ஏ பிளாக்கில் என் வீட்டு மணியை அடியுங்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு மேல் இருப்பேன். கவரோடு கொண்டு வாருங்கள், செல்லோ டேப் ஒட்டாமல்.