கைத்தொலைபேசியில் தேடுகிறவர் கண்ணில் படுவது எப்படி?

கோல சிலாங்கூர் வட்டாரத்திலும் அதற்கு வடக்கேயும் உள்ள நம் தோட்டத்துக் குடும்பங்களில், வேலை முடிந்த மாலை நேரத்தில் நடக்கும் கைத்தொழில் கொஞ்சமல்ல. ஒரு வீட்டில் முறுக்கு சுடுகிறார்கள். அடுத்த வீட்டில் ரவிக்கை தைக்கிறார்கள். இன்னொரு வீட்டில் மாலை கட்டுகிறார்கள்; விருந்துக்குச் சமைத்துக் கொடுக்கிறார்கள். செம்பனைக் காட்டுச் சம்பளத்தோடு இந்த வருமானமும் சேர்ந்தால்தான் பிள்ளைகளின் பள்ளிச் செலவு கட்டுப்படியாகிறது. ஆனால் விற்பது யாரிடம்? பெரும்பாலும் தோட்டத்துக்குள்ளேயே விற்கிறோம். அல்லது மொத்தமாக எடுத்துப் போகும் ஒரு கடைக்காரரிடம் கொடுக்கிறோம். அவர் சொன்னதுதான் விலை.

அதே நேரத்தில், கம்போங் குவாந்தானுக்கு மின்மினிப் பூச்சி பார்க்கவும், புக்கிட் மெலாவத்திக் குன்றுக்கும், புக்கிட் ரோத்தான் ஸ்ரீ சக்தி தேவஸ்தானத்துக்கும் வெளியூர்க்காரர்கள் வந்துபோகிறார்கள். பெஸ்தாரி ஜெயாவில் சிலாங்கூர் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது. அங்கே படிக்கும் மாணவர்களுக்கும் பசிக்கத்தான் செய்யும். இவர்கள் யாரும் வழியில் நின்று, "இங்கே முறுக்கு எங்கே கிடைக்கும்?" என்று கேட்பதில்லை. கையிலுள்ள தொலைபேசியைக் கேட்கிறார்கள். அது நம் பெயரைச் சொல்கிறதா என்பதுதான் இன்று நாம் பேச வந்த விஷயம்.

கூகுள் போன்ற தேடுபொறிகள் உலகத்து அகப்பக்கங்களையெல்லாம் முன்கூட்டியே படித்துப் பட்டியல் போட்டு வைத்திருக்கின்றன. முன்பு, கணினியில் பக்கம் எப்படித் தெரியும் என்பதைக் கொண்டுதான் அந்தப் பட்டியல் தயாரானது. 2015 ஏப்ரல் 21 அன்று, கைத்தொலைபேசியில் சரியாகப் படிக்க முடிகிற பக்கங்களுக்குக் கைத்தொலைபேசித் தேடலில் முன்னுரிமை தரும் முறையைக் கூகுள் கொண்டுவந்தது. 2018 மார்ச்சிலிருந்து, கைத்தொலைபேசியில் தெரியும் வடிவத்தையே முதலில் படிக்கும் முறைக்கு மாறத் தொடங்கியது. ஆகவே, பெரிய திரையில் எவ்வளவு அழகாக இருந்தாலும், சிறிய திரையில் எழுத்து எறும்பு ஊர்வதுபோல் தெரிந்தால் அந்தப் பக்கத்தால் பயன் குறைவு.

இப்போது நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு சிக்கலுக்கு வருவோம். அதுதான் ஊர்ப்பெயர். பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊர் 2007இல் பெஸ்தாரி ஜெயா ஆனது. நம் பெரியவர்கள் வாயில் இன்னும் பழைய பெயர்தான் வருகிறது. ஷா ஆலாமிலிருந்து வரும் இளைஞருக்கோ புதிய பெயர் மட்டுமே தெரியும். நாம் ஒரு பெயரை மட்டும் எழுதினால், மற்றதைச் சொல்லித் தேடுகிறவர் நம்மைத் தவறவிடக்கூடும். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் இயல்பாக எழுதிவிடலாம்: "பெஸ்தாரி ஜெயா, முன்னாள் பத்தாங் பெர்ஜுந்தாய், சுற்றுவட்டாரத்துக்கு முறுக்கு செய்து தருகிறோம்." அவ்வளவு போதும். ஒரே ஊர்ப்பெயரை இருபது முறை எழுதி நிரப்பினால் முன்னுக்கு வரலாம் என்று சிலர் சொல்வார்கள். அதைக் கூகுள் ஏமாற்று வேலையாகவே எண்ணும்.

பொருளின் பெயரும் அப்படித்தான். நம் வாடிக்கையாளர் எல்லாரும் தமிழர் அல்லர். மலாய்க்காரர் 'முருகு' என்று அடித்துத் தேடுவார். சமையலுக்கு 'கேட்டரிங்' என்பார். தமிழ், மலாய், ஆங்கிலம் ஆகிய மூன்றிலும் இரண்டிரண்டு வரி இருக்கட்டும். நாம் அழைக்கும் பெயரைவிட, வாங்குகிறவர் அழைக்கும் பெயர்தான் இங்கே முக்கியம்.

தோட்டத்து வீட்டுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பல லயங்களுக்குச் சாலைப் பெயரே கிடையாது. கூகுள் வரைபடத்தில் நம் வீடு இருக்கும் இடத்தை விரலால் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் ஒரு குறி விழும்; கூடவே எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு குறியீடு கிடைக்கும். முகவரிக்குப் பதில் அதை அனுப்பினால் ஆள் வந்து சேர்வார். ஆனால் தோட்ட வாசலில் காவலர் அந்நியரை விடமாட்டார் என்றாலோ, வீட்டில் பெண்கள் தனியாக இருக்கிறார்கள் என்றாலோ, முகவரியை வெளியே காட்டவே வேண்டாம். கூகுளின் வணிகப் பதிவில் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம் என்று மட்டும் குறிக்க வழியிருக்கிறது. ஈஜோக், ஜெராம், தஞ்சோங் காராங் என்று எழுதிவிட்டால் ஆயிற்று.

இந்த வணிகப் பதிவு இலவசம். அதோடு சேர்த்து ஒரு சிறிய அகப்பக்கத்தையும் கூகுள் இனாமாகக் கொடுத்து வந்தது. 2024 மார்ச்சில் அதை நிறுத்திவிட்டது. பழைய ஆலோசனையைக் கேட்டு அதைத் தேடி அலைய வேண்டாம். சிறு தொழிலுக்குப் பதிவு மட்டுமே போதுமானது என்பது எங்கள் கருத்து. தனிப் பக்கம் வேண்டும் என்கிறவர்கள் அதைப் பாரமில்லாமல் வைத்துக்கொள்ள வேண்டும். செம்பனைக் காட்டு நடுவே அலைவரிசை எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரியாததா? கைத்தொலைபேசியில் எடுத்த படம் மூன்று நான்கு மெகாபைட் இருக்கும். அப்படியே பத்துப் படங்களை ஏற்றினால் பக்கம் திறப்பதற்குள் பார்க்கிறவர் வேறிடம் போய்விடுவார். திறக்க 3 வினாடிக்கு மேலானால் பாதிக்கு மேற்பட்டோர் விலகிவிடுகிறார்கள் என்று கூகுளே 2016இல் கூறியது. படத்தைச் சுருக்கி ஏற்றுங்கள். நான்கு படம் போதும்.

விலையையும் தொலைபேசி எண்ணையும் படத்துக்குள் மட்டும் எழுதி வைக்காதீர்கள். தீபாவளிக்கு நம்மவர்கள் வண்ண வண்ணமாக அட்டை தயாரித்து எல்லாவற்றையும் அதிலேயே அடைத்துவிடுகிறார்கள். அட்டை அழகுதான். ஆனால் விரலால் தொட்டால் அழைப்புப் போகாது. படத்துக்குள் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி நம்பகமாகப் படிக்கும் என்றும் சொல்ல முடியாது. எண்ணைத் தனியாக எழுத்தில் போடுங்கள். வாட்ஸ்அப் இணைப்பு வைப்பதானால், சுழியத்தில் தொடங்கும் நம் எண்ணுக்கு முன்னால் ஒரு 6 சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் இணைப்பு வேலை செய்யாது.

இனி, பணம் கேட்டு வருகிறவர்களைப் பற்றி. "நாங்கள் கூகுளிலிருந்து பேசுகிறோம், இத்தனை வெள்ளி கட்டினால் முதல் இடம், கட்டாவிட்டால் உங்கள் பெயர் நீங்கிவிடும்" என்று தொலைபேசியில் சொல்வார்கள். நம்பாதீர்கள். விளம்பரத்துக்குப் பணம் உண்டு. அது விளம்பரம் என்ற குறிப்போடு தனியாகத் தெரியும். சாதாரணப் பட்டியலில் இடத்தைக் கூகுள் விற்பதில்லை. தேடிய சொல்லுக்குப் பொருத்தம், தேடுகிறவர் இருக்கும் இடத்திலிருந்து தூரம், தொழில் எவ்வளவு அறியப்பட்டது என்ற மூன்றையும் வைத்தே வரிசை அமைகிறது. அருகில் இருப்பது இங்கே பலம். கோலாலம்பூரின் பெரிய கடையைவிட, ஜெராம் கடற்கரையில் நிற்பவருக்கு நாம்தான் பக்கம்.

வாங்கியவர்கள் எழுதும் கருத்தும் கணக்கில் சேரும். மனம் நிறைந்து வாங்கிப் போனவரிடம், "இரண்டு வரி எழுதுங்கள், ஐயா" என்று கேட்பதில் தவறில்லை. காசோ இனாமோ கொடுத்து எழுத வைப்பது விதிக்கு மாறானது. குறை சொல்லி எழுதியவருக்கும் கோபப்படாமல் பதில் எழுதுங்கள். அதை அடுத்து வருகிறவரும் படிப்பார்.

கடைசியாக ஒன்று. இந்தப் பதிவைப் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ அண்ணன் மகனோதான் தன் மின்னஞ்சலில் திறந்து கொடுக்கிறார்கள். பிறகு அந்தப் பிள்ளை சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், எண்ணையும் மாற்றிவிட்டால், இங்கே அம்மாவால் விலையைக்கூடத் திருத்த முடியாது. தொழில் செய்கிறவர் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் திறந்து, அதையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதி, பிறப்புப் பத்திரங்கள் இருக்கும் பெட்டியில் வைத்துவிடுங்கள். உதவுகிற பிள்ளையை நிர்வாகியாகச் சேர்த்துக்கொள்ளப் பதிவிலேயே இடம் இருக்கிறது.