இலைக்காம்பும் பின்தொடர்தலும்

(குறுவள மையக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

ஆங்கில ஆசிரியர்களாகிய நம்மோடு இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விரும்புகிறேன்: ஸ்டாக். கடையில் இருப்பைக் குறிக்கும் ஸ்டாக் அல்ல. 'வாக்', 'டாக்' போல நடுவில் 'எல்' எழுதி, ஒலிக்காமல் விடும் சொல்.

நம் பிள்ளைகள் இதை முதலில் சந்திப்பது அறிவியல் பாடத்து இலைக்காம்பாக. அந்தப் பெயர்ச்சொல் வேறு, வினைச்சொல் வேறு, எழுத்துதான் ஒன்று. வினைச்சொல்லுக்குத் திருடுவதைக் குறிக்கும் 'ஸ்டீல்' உறவு. ஓசைப்படாமல் நடப்பது பழைய பொருள். பிறகு அது வேட்டைக்குப் போயிற்று. புலி மானை நெருங்குவதை நினைத்துப் பாருங்கள். புல்லுக்குள் பதுங்கி ஓரடி வைக்கும், நிற்கும், மறுபடி ஓரடி வைக்கும். அதுவரை 'ஸ்டாக்', பாய்ந்த பின் 'சேஸ்'. இரண்டுக்கும் 'துரத்து' என்று எழுதிப்போட்டால் புலியின் பாதி வேலை காணாமல் போகிறது. கோபத்தில் விறைப்பாக அறையைவிட்டு வெளியேறுவதற்கும் இதே சொல்தான். அதை ஒரு பையனை நடித்துக் காட்டச் சொன்னால் போதும்.

இன்னொரு பொருளுக்கு நடிப்பு உதவாது. 2013-இல் இந்திய தண்டனைச் சட்டத்தில் 354டி பிரிவாக இச்சொல் குற்றத்தின் பெயராக நுழைந்தது. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவு. விருப்பமில்லை என்று ஒரு பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் ஓர் ஆண் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது குற்றம். அவளுடைய இணையப் பயன்பாட்டைக் கண்காணிப்பதும் அப்படியே. முதல் முறை 3 ஆண்டு வரை, மறுமுறை 5 ஆண்டு வரை சிறை.

இதைத் தமிழில் 'பின்தொடர்தல்' என்கிறோம். கைப்பேசியில் 'ஃபாலோ' பொத்தானுக்கும் 'பின்தொடர்' என்றுதான் போட்டிருக்கிறது. பிள்ளைகளோ ஒருவரின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்ததையே 'ஸ்டாக் பண்ணேன்' என்று சிரித்துக்கொண்டு சொல்கிறார்கள். நம் திரைப்படங்கள் வைத்த பெயர் காதல்! இத்தனைக்கும் நடுவில் ஒரு மாணவி வந்து, "டீச்சர், ஒருத்தன் ஃபாலோ பண்றான்" என்றால், எங்கே, எத்தனை நாளாக என்று உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

ஒன்பதாம் வகுப்பில் இந்தச் சொல்லை மாணவர், மாணவியர் இருபாலரையும் சேர்த்து வைத்துத்தான் நடத்துகிறேன். கரும்பலகையில் இலைக்காம்பு, புலி, சட்டப்பிரிவு மூன்றும் இருக்கும். கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும் எழுதிப்போடுகிறேன். மறுநாள் வரை அதை அழிப்பதில்லை.