பாண்டவானியும் பாட்டியின் பாட்டும்

நான் வளர்ந்தது பிலாய் உருக்காலைக் குடியிருப்பில். சத்தீஸ்கர் கிராமங்களில் மகாபாரதத்தைப் பாட்டாகவே சொல்வார்கள். அதற்குப் பாண்டவானி என்று பெயர். அதில் பீமன்தான் நாயகன். பிலாய்க்கு அருகே கனியாரியில் பிறந்த தீஜன் பாய், பெண்கள் உட்கார்ந்தே பாடிய காலத்தில் எழுந்து நின்று, நடித்துப் பாடியவர். 2019-ல் பத்ம விபூஷண் பெற்றார். அவர் கைத் தம்பூராவே பீமனின் கதாயுதமாகும், அர்ச்சுனனின் வில்லாகும்.

பாண்டவானியில் 'ராகி' என்று ஒருவர் உண்டு. "அப்படியா? அப்புறம்?" என்று கேட்டுக் கதையை நகர்த்துவது அவர் வேலை. பாஷை புரியாத என் பாட்டி அவரைப் பார்த்து, "நீங்கள்லாம் உம் கொட்டற மாதிரின்னா இருக்கு!" என்றாள்.

பாட்டிக்கும் திரௌபதி கதை பாட்டாகத் தெரியும். மாவரைக்கும்போது பாடுவாள், நாங்கள் சுற்றி உட்கார்ந்து உம் கொட்டுவோம். படிப்பு, வேலை என்று ஒவ்வொருவராக வெளியூர் போனோம். பாட்டும் நின்றது. இன்று எங்கள் குடும்பத்தில் அதில் நான்கு அடி சேர்ந்தாற்போல் ஒருவருக்கும் வராது.

உங்கள் அகத்துப் பெரியவர்கள் பாடினால் செல்போனில் பதிவு செய்யுங்கள், நல்லதுதான். அதற்கு முன் பேரனையோ பேத்தியையோ எதிரில் உட்கார வையுங்கள். கேட்க ஆள் இருந்தால்தான் பாட்டு அடுத்த அடிக்குப் போகும்.