பேசாத பேருரை



கவிதை முழங்கும் அவையில் ஓர் எண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்; பொறுத்தருள வேண்டுகிறேன். அந்த எண் 14,75,73,95,25,89,67,64,12,927. இருபத்தோர் இலக்கங்கள் கொண்டது. சதுரங்கப் பலகையின் கட்டந்தோறும் தானிய மணிகளை இரட்டித்துக்கொண்டே போன கதையை நாம் அறிவோம். அப்பலகையில் 64 கட்டங்களுக்கு மாறாக 67 கட்டங்கள் இருந்திருந்தால், மணிகளின் மொத்தத் தொகை இதுவே. இரண்டின் 67ஆம் அடுக்கில் ஒன்று குறைந்தது என்பர் கணிதர்.

பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென், 1644இல் வெளியிட்ட நூலில் இவ்வகை எண்கள் சிலவற்றைச் சுட்டி, அவை பகா எண்கள் என்றார். ஒன்றாலும் தன்னாலும் அன்றிப் பிறிதொன்றால் மீதியின்றி வகுபடாதது பகா எண். நம் எண்ணும் அப்பட்டியலில் இருந்தது. சான்று இல்லை. ஆயினும் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அக்கூற்று மறுக்கப்படாமல் நின்றது.

1876இல் எடுவார் லூக்கா என்னும் அறிஞர், இது பகா எண் அன்று என நிறுவினார். ஆனால் அதன் காரணிகள் எவை என்று அவர் காட்டவில்லை. பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருப்பது தெரிந்தது. யார் என்பது தெரியவில்லை.

காரணிகளைத் தேட ஒரு விதி உண்டு. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும் அதனை 134ஆல் வகுத்தால் 1 மிஞ்ச வேண்டும். விதி தேடலைச் சுருக்கும், விடையைத் தந்துவிடாது. யாப்பு அறிந்த உங்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை.

1903 அக்டோபரில் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில் ஃபிராங்க் நெல்சன் கோல் உரையாற்ற எழுந்தார். அன்று நிகழ்ந்ததை எரிக் டெம்பிள் பெல் எழுதியுள்ளார். கோல் வாய் திறக்கவில்லை. கரும்பலகையில் இரண்டின் 67ஆம் அடுக்கைக் கணக்கிட்டு ஒன்றைக் கழித்தார். பிறிதோர் இடத்தில் 193707721 என்பதையும் 761838257287 என்பதையும் எழுதிப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அமைதியாகச் சென்று அமர்ந்தார். அவை கையொலி எழுப்பியது. இதற்கு மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவாயின என்று கோல் பின்னாளில் கூறினாராம். இன்று கணிப்பொறி இதனை இமைப்பொழுதில் செய்துவிடும்; அந்த ஞாயிற்றுக்கிழமைகளின் பெருமை அதனால் குறைவதில்லை.

அன்பர்களே, நம் மன்றத்திற்குப் பத்தாண்டு நிறைகிறது. பெரியவர் புகழ்ந்தார் என்பதற்காகவே ஒரு கவிதையை நாமும் புகழ்ந்திருக்கிறோம். நண்பர் மனம் வாடுமே என்று குறையைக் கண்டும் கைதட்டியிருக்கிறோம். நானும் அப்பிழை செய்தவனே. கோலின் அவையில் எவரும் அவர் பெயரை நம்ப வேண்டியிருக்கவில்லை. பெருக்கிப் பார்த்தால் போதும். கவிதைக்கு அத்தகைய பெருக்கல் இல்லைதான். எனினும், குறை உண்டு என்று மட்டும் சொல்வது லூக்காவின் வழி, அது உண்மையே. குறை இந்தச் சொல்லில் என்று தொட்டுக் காட்டுவது கோலின் வழி. எழுதியவருக்குப் பயன்படுவது அதுவே. அதற்கு நம் ஞாயிற்றுக்கிழமைகள் சிலவற்றைத் தர வேண்டியிருக்கும். தருவோம்.

ஒரு சொல்லும் பேசாத ஒருவரைப் பற்றி இத்தனை சொற்கள் பேசிவிட்டேன்.